பக்கத்து சீட்டு பிரேக்

கூடத்திலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப யாரைக் காப்பாத்துனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மாஸ்டர் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்திருந்தது. அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதித்திருந்தது. அவ்வளவுதான். அவர் நாற்காலிக்கு முன்னால் அந்த ஓர் இடத்தில் மட்டும் தரை தேய்ந்துபோயிருந்தது.

அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, இவர் பக்கத்து சீட்டில் உட்காருவார். அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஊர் அவர் கண்ணெதிரே வீங்கியது. ரோடு அதே அகலம்தான், வண்டிகள் பெருகின. விளக்கு பச்சையாவதற்கு முன்பே பின்னாலிருந்து ஹாரன் கொட்டும். ஒருவழிப் பாதையில் எதிரே வருகிறவன் நம்மைப் பார்த்து முறைப்பான். பைக்குகள் நடைபாதையில் ஏறும். நடப்பவர்கள் ரோட்டில் இறங்குவார்கள். வெள்ளைக் கோடு எதற்கு என்று ஒருவர் கேட்டபோது, "லைசென்ஸ் டெஸ்டுக்கு" என்றார் மாஸ்டர்.

புதிதாக வருகிறவர்கள் இந்தக் கூட்டத்தைப் பார்த்து முதல் வாரமே ஓடிவிடுவார்கள். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். எதிரே ஏதாவது குறுக்கிட்டால் அவர்களுக்கு முன்பே தன் காலால் பிரேக்கை அழுத்திவிடுவார். வண்டி நிற்கும். "சபாஷ், நீங்களே நிறுத்திட்டீங்க பாத்தீங்களா!" என்பார். அவர்கள் முகம் மலர்ந்துபோகும். அவருடைய வண்டி எங்கும் இடித்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை.

மகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். அவளுக்கு ஊரின் மறுகோடியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். விடிகாலை ஷிப்டு, அந்த நேரத்தில் பஸ் கிடையாது. காரில் தனியாகத்தான் போக வேண்டும். கையில் லைசென்ஸ் இருந்தும் மாஸ்டர் சம்மதிக்கவில்லை.

"உனக்கு இன்னும் பிரேக் பழகலை கண்ணு."

"நான் மிதிக்கறதுக்குள்ள நீங்க மிதிச்சிட்டா எப்படிப்பா பழகும்?"

"அந்த வேலையே வேணாம்னு சொல்லிடு."

அவள் வேலைக்காகத் தைத்த வெள்ளைக் கோட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கண் கலங்கியதை அவர் பார்க்காமல் இல்லை. பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் தெருமுனையில் கண்ணாடி நொறுங்கியது. சற்று நேரத்தில் கதவைத் தட்டிக்கொண்டு தையல்கார அக்கா வந்தாள். மாஸ்டரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டு புதிதாகக் கார் வாங்கியவள்.

"ஒரு பைக்காரன் தப்பான பக்கத்துல வந்தான் மாஸ்டர். வண்டி நிக்கும்னு காத்துக்கிட்டே இருந்தேன். நிக்கவே இல்ல."

"யாருக்காவது அடியா?"

"இல்ல. அவன் குதிச்சிட்டான். பைக்குக்கும் ஒண்ணுமில்ல. என்னோட லைட்டுதான் போச்சு. யாரோ ஓட்டிட்டு வந்து உங்க வாசல்ல விட்டுட்டுப் போனாங்க."

மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு அக்கா கேட்டாள்:

"உங்க வண்டியில மட்டும் எப்படி மாஸ்டர் அவ்ளோ நல்லா நிறுத்துனேன்?"

மாஸ்டர் தன் வலது காலைப் பார்த்தார்.

"நீங்க நிறுத்தல. நான்தான் மிதிச்சேன்."

"அப்ப நீங்க சொன்ன சபாஷ் எல்லாம்?"

"எனக்கே சொல்லிக்கிட்டதும்மா."

மகள் மடித்த கோட்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"சாவியைக் குடுங்கக்கா. நான் உங்களை வீட்டுல கொண்டுபோய் விடறேன்."

"இரு, நானும் வரேன்" என்று மாஸ்டர் செருப்பைத் தேடினார்.

"பின்னாடி பூரா தைச்ச துணி மூட்டை மாஸ்டர். முன்னாடி நான் உக்காரணும்" என்றாள் அக்கா.

"அந்த வண்டியில பக்கத்து சீட்டுல பிரேக் கிடையாதுடி!"

"தெரியும்ப்பா."

"உங்க அப்பாவை விட்டா டிக்கிக்குள்ள ஏறி உக்காந்துப்பாரு. நீ கிளம்பு" என்றாள் மனைவி.

"வரேன் மாஸ்டர்" என்று அக்கா படி இறங்கினாள். கார் நகர்ந்தது. மாஸ்டர் வாசலிலேயே நின்றார். தெருமுனையில் ஒரு பைக் எங்கிருந்தோ குறுக்கே பாய்ந்தது. காரின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. வண்டி நின்றது. பைக்காரன் ஏதோ திட்டிவிட்டுப் போனான்.

இத்தனை வருஷம் உள்ளேயே உட்கார்ந்திருந்தவர், தன்னிடம் படித்த ஒருவர் பிரேக்கை மிதித்து எரிகிற விளக்கை வெளியே நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை. அவர் கால் அசையவில்லை என்பதை மனைவிதான் கவனித்தாள்.

கார் திரும்பி மறைந்தது. பின்னால் ஹாரன்கள் கூச்சலிட்டன.

"திங்கக்கிழமைக்கு அலாரம் வச்சிட்டாளாமா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"அதெல்லாம் வேலை கிடைச்ச அன்னைக்கே வச்சாச்சு" என்று சொல்லிவிட்டு மனைவி கதவைச் சாத்தினாள்.