பாக் ஊ குகைக்குப் போன ஒட்டுத்தலைப் புத்தர்

பிள்ளைகளே, பாரிஸ் லாச்சப்பலில் நான் வேலை செய்யும் உணவகத்துக் குசினியில் பதினொரு வருடமாக என் பக்கத்தில் நின்று மரக்கறி வெட்டுபவர் மடம் புன்மி. லாவோஸ் நாட்டுக்காரி. ‘மடம்’ என்றால் பிரெஞ்சில் அம்மணி. நாங்கள் பிரெஞ்சில்தான் கதைப்போம். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். விடுமுறைக்கு பாங்கொக் போய், அங்கிருந்து லாவோசும் பார்க்கப் போகிறோம் என்றதும் ஒரு துணிப் பொதியைத் தந்தார். உள்ளே விரல் உயரத்தில் ஒரு மரப் புத்தர். தலை வேறு, உடல் வேறு.

“உடைஞ்சவரை எறியக் கூடாது. பாக் ஊ குகையிலை கொண்டுபோய் வைக்கிறது எங்கட வழக்கம். என்ரை முழங்கால் இனி அவ்வளவு தூரம் வராது. நீ வைச்சிட்டு, எனக்காக மூண்டு தரம் நெத்தி நிலத்திலை படக் கும்பிடு.”

“ஓம்” என்றுவிட்டேன். வைப்பதற்கு மனம் ஒத்துக்கொண்டது. கும்பிடுவதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் வயதில், இலங்கையில் நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஓர் ஆமிக் காவலரண் இருந்தது. பக்கத்தில் ஒரு புத்தர் சிலை. அந்த இடத்தில் சைக்கிளால் இறங்கி, தலை குனிந்து, தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதற்குப் பிறகு நான் எந்தப் புத்தருக்கும் கை கூப்பியதில்லை. வைத்துவிட்டு வந்து, கும்பிட்டேன் என்று சொல்லிவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மடம் புன்மி கேட்டதை வீட்டில் சொன்னதும் இன்னொரு சிக்கல். “இஞ்சேருங்கோ, உடைஞ்ச சாமியோடையே பயணம் வெளிக்கிடுறது? ஒட்டிப்போட்டுக் கொண்டுபோங்கோ” என்றாள் மனைவி. நம் வீடுகளில் பின்னமான சிலையை வைத்திருப்பதில்லை அல்லவா? பசை வாங்கி ஒட்டினேன். தலை சற்று இடப்பக்கம் திரும்பிவிட்டது. வழிந்த பசை அடியிலும் ஒரு மொட்டுப் போல இறுகிவிட்டது.

“பப்பா, இவர் பஸ் வருதோ எண்டு பாக்கிறார்” என்று பிரெஞ்சில் சிரித்தாள் மகள் ஆரணி. அவளுக்குப் பதினொரு வயது.

செவ்வாய், காலை 8.30. லுவாங் பிரபாங் படகுத்துறை. இங்கிருந்து குகைக்கு மேக்கொங் ஆற்றில் இருபத்தைந்து கிலோமீற்றர். ஓட்டத்துக்கு எதிராகப் போவதால் இரண்டு மணி நேரம். மழைக்காலம், ஆறு பால்தேநீர் நிறம். நான் காற்சட்டைப் பையிலிருந்து புத்தரை எடுத்துப் பார்த்ததும் படகோட்டி பதறிப்போனார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் பத்துச் சொல்தான். “நோ, நோ!” என்று என் காற்சட்டையைக் காட்டி, பிறகு நெஞ்சிலிருந்த என் சேட்டுப் பையைத் தட்டினார். இடுப்புக்குக் கீழே வைக்கக் கூடாதாம்.

“பாரிசிலையிருந்து காற்சட்டைக்குள்ளையோ கொண்டு வந்தனீங்கள்?” மனைவி தலையில் கை வைத்தாள்.

காலை 10.40. ஆற்றிலிருந்து நேரே எழும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. எதிர்க்கரையில் ஊ ஆறு வந்து மேக்கொங்கில் கலக்கிறது. நுழைவுக் கட்டணம் ஆளுக்கு இருபதாயிரம் கிப். பயப்படாதீர்கள், ஒரு யூரோ அளவுதான்! கீழ்க்குகை வாய் திறந்த மாதிரி, வெளிச்சமாக இருக்கிறது. மனைவி அங்கேயே இருந்துவிட்டாள். நானும் ஆரணியும் படிக்கட்டில் பத்து நிமிடம் ஏறி மேல்குகைக்குப் போனோம்.

உள்ளே இருட்டு. கைவிளக்கை அடித்தால், எங்கு பார்த்தாலும் புத்தர்கள். கை இல்லாதவர், மூக்குத் தேய்ந்தவர், செல்லரித்துப் பாதியானவர். யாரும் ஒட்டுப்போட்டு வரவில்லை.

“பப்பா, இஞ்சை ஒட்டியிருக்கவே தேவையில்லை” என்றாள் ஆரணி மெதுவாக.

ஒரு பாறை ஓரத்தில், நிலத்தோடு சேர்ந்தாற்போல், கொஞ்சம் இடம் இருந்தது. கையை நீட்டி வைத்தேன். விழுந்துவிட்டார். அடியில் இறுகிய பசை அவரை நிற்க விடவில்லை. முழந்தாளிட்டு, தலையை நிலத்தருகே கொண்டுபோய், ஒரு சிறு கல்லை முட்டுக் கொடுத்தேன். மறுபடி விழுந்தார். நிமிர்ந்து வேறு கல் தேடினேன். மீண்டும் குனிந்தேன். சரிவரவில்லை. மூன்றாம் முறை என் நெற்றி குளிர்ந்த பாறையில் முட்டியே விட்டது. புத்தர் நின்றார், பக்கத்தில் இருந்த கையில்லாதவரைப் பார்த்தபடி.

பின்னால் ஆரணி விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். “மூண்டு, பப்பா. மடம் புன்மியின்ரை முடிஞ்சுது. வாங்கோ.”

நான் எழும்பவில்லை. யாரும் குனியச் சொல்லாத இடத்தில் முழங்காலில் இருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. கைகளைக் கூப்பி, இன்னொரு தரம் நெற்றியை நிலத்தில் வைத்தேன்.

திரும்பும்போது படகு ஆற்றோட்டத்தோடு வேகமாக வந்தது. பாரிசில் வேலைக்குப் போன முதல் நாள், வெங்காயம் உரித்தபடி மடம் புன்மி கேட்டார்:

“மூண்டு தரம் கும்பிட்டியோ?”

“நாலு.”

“நான் மூண்டெல்லோ சொன்னனான்?”

“உங்கட மூண்டு கல்லுத் தேடினதிலை போச்சுது. நாலாவது என்ரை.”

அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு உரித்த வெங்காயத்தில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டார்.