ஊசி இல்லாத வைத்தியம்

வெளிக்கதவும் ஜன்னல் கம்பியும் பற்றவைக்கும் வெல்டர் அவர். ஒரே மகள். ஓயாமல் பேசுவாள் என்பதால் வாயாடி என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஏழு வயதில் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கியதும் முடி கொட்டியது. வாயெல்லாம் புண். வாயாடிக்குப் பேச்சே நின்றுபோனது. நர்ஸைக் கண்டாலே அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அலறுவாள்.

"மருந்து நல்லா கேக்குது. பாதியில விட்றாதீங்க" என்றார் டாக்டர். ஆனால் அப்பாவின் காதில் மகளின் அலறல்தான் நின்றது.

பட்டறைக்கு வந்த ஒருவர் ஒரு வைத்தியரைப் பற்றிச் சொன்னார். ஊசி கிடையாது; வேர்ப்பொடியும் பத்தியமும்தான். மனைவி ஒப்பவில்லை.

"பச்சப்புள்ளய வச்சு என்னங்க விஷப்பரீட்சை?"

"உனக்கென்ன? ஊசி போடும்போது அவள அமுக்கிப் பிடிக்கிறது நான்தானே!"

அடுத்த ஊசிக்கு அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

பொடி தொடங்கியதும் வாந்தி நின்றது. தலையில் பூனைமயிராய் முடி துளிர்த்தது. "அப்பா, உங்க வழுக்கைக்கு என் தலை பரவாயில்ல" என்று சிரித்தாள். அதைப் பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

பிறகு ஈறில் ரத்தம் கசிந்தது. "கெட்ட ரத்தம் வெளியேறுது" என்றார் வைத்தியர். காய்ச்சல் கொதித்தது. "மருந்து வேலை செய்யுது." மகளால் எழுந்து நிற்க முடியாமல் போன அன்று, மனைவி யாரையும் கேட்கவில்லை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி வண்டி பிடித்தாள். அவர் பின்னாலேயே ஓடிப்போய் ஏறினார்.

டாக்டர் திட்டவில்லை. ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

கட்டிலில் கிடந்த மகள் மெல்லக் கேட்டாள்: "நான் ஊசி வேணாம்னு அழுததாலதானேப்பா இப்படி?"

"இல்லடா கண்ணு. அப்பாதான் பயந்துட்டேன்."

"அம்மா உங்கள திட்டுவாங்களா?"

சுவரோரம் நின்ற மனைவிதான் பதில் சொன்னாள்: "திட்டமாட்டேன்டி."

அந்த வாரமே மகள் போய்விட்டாள். மனைவி வாக்கு மீறவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வைப்பாள், துணி துவைத்துப் போடுவாள். ஒரு குறை சொல்லமாட்டாள்; அவர் இருக்கும் அறையில் மட்டும் உட்காரமாட்டாள். அந்த மௌனம் அவரை அரித்தது. ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினார்.

"வாயத் தொறந்து ரெண்டு வார்த்தை திட்டித் தொலையேன்டி!"

"எந்த மூஞ்சிய வச்சுகிட்டுத் திட்ட? அந்தப் பொடியத் தேன்ல கொழச்சு ஊட்டினது என் கைதானே?"

அதில் அவருக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து இருவராலும் ஒரே அறையில் உட்கார முடிந்தது.