ஆறு மெசினுக்கு ஒரு எட்டுவாய்க் கார்ட்

பழைய மெசின்களைக் கொம்பியூட்டரோடு பேசவைக்கும் என் தொழிலில் சாமான் தேடுவது பாதி வேலை; அப்படியொரு சாமான் உலகத்தில் இருக்கிறது என்று கடைக்காரரை நம்பவைப்பது மற்றப் பாதி. பிளெண்டருக்கு ஒரு சின்ன வாஷர் தேடிக் கொழும்புக் காலி வீதியின் இரண்டு பக்கமும் நடந்து, "புதுசா ஒண்டு வாங்குங்கோவன்" என்ற புத்திமதியோடு வீடு திரும்பியவர்கள் இதை வாசித்துக்கொண்டிருந்தால், நீங்கள் என் இனம். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

மூன்றரை

வெள்ளவத்தையில் ஒரு சின்ன இரத்தப் பரிசோதனை நிலையம். சொந்தக்காரர் ஒரு டொக்டர். உள்ளே ஆறு மெசின்கள். எல்லாம் வயது போனவை, ஆனால் ஒன்றும் பொய் சொல்லாது. அவை காட்டும் எண்களைப் பார்த்து ரிப்போர்ட்டில் டைப் பண்ணுவது ரஞ்சி அக்காவின் வேலை. ஐம்பது தாண்டியவர். இருபது வருஷமாக அதே மேசை. கையால் எழுதிய காலத்தில் அவருடைய எழுத்தைப் பார்த்தாலே பாதி வருத்தம் மாறிவிடும் என்று டொக்டர் சொல்வார்.

ஒருநாள் ஒரு வயதானவரின் பொட்டாசியம் மூன்றரையை, அதாவது 3.5ஐ, அக்கா இலக்கம் மாறி 5.3 என்று டைப் பண்ணிவிட்டார். மனுஷன் பயந்துபோய் இரண்டு நாள் வாழைப்பழத்தையும் இளநீரையும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குடும்ப வைத்தியருக்குச் சந்தேகம் வந்து போன் பண்ணினார், திரும்ப இரத்தம் எடுத்தார்கள், வினை ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் டொக்டர் அன்றோடு முடிவெடுத்துவிட்டார். இனிமேல் கையால் டைப் பண்ணுவது கிடையாது. மெசின்கள் தாங்களே கொம்பியூட்டருக்கு எண்ணை அனுப்ப வேண்டும். மாதக் கடைசிக்குள் அது சரிவராவிட்டால், ஒரு பெரிய கம்பனியோடு ஒப்பந்தம். மெசின்களை விற்றுவிட்டு, இரத்தம் எடுத்து அனுப்பும் இடமாக மட்டும் நடத்துவது. அப்படி நடந்தால் ரஞ்சி அக்காவுக்கு அங்கே வேலை இல்லை.

வேலையைப் பார்க்க நான் போன அன்று அக்கா என்னை வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்தார். வேலையைக் காப்பாற்றித் தரச் சொல்லிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு.

"நான் பிழை விட்டனான், ஓம். ஆனா பிழை விட்ட ஆளா வீட்ட போக ஏலாது, பிள்ளை."

முழுதாக எழும்பாதது

அந்த ஆறு மெசின்களின் முதுகிலும் ஒன்பது ஊசி கொண்ட பழைய வாய் ஒன்று உண்டு. சீரியல் போர்ட் என்பார்கள். அதன் வழியாகத்தான் அவை பேசும். இந்தக் காலத்துக் கொம்பியூட்டர்களுக்கு அந்த வாயே கிடையாது. ஒரே கார்டில் எட்டு வாய் வைத்த சாமான் ஒன்று முன்பு வந்தது. அதைச் செருகப் பழைய கொம்பியூட்டர் வேண்டும். அது என்னிடம் இருந்தது. கொட்டாஞ்சேனையில் என் வீட்டு அறை மூலையில் வருஷக்கணக்காக நிற்காமல் ஓடும் என் சொந்த யுனிக்ஸ் பெட்டி, விண்டோஸ் இல்லாத பழைய கொம்பியூட்டர். அதற்கு மவுஸ் இல்லை, படம் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். வீட்டில் எல்லோரும் அதைப் பழுதான சாமான் என்று நினைத்துக்கொண்டிருந்தபடியால் வெளியே கொண்டுபோகும்போது யாரும் மறிக்கவில்லை.

பிள்ளையை மடியில் வைப்பதுபோல் அதை ஓட்டோவில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போய் இறக்கி, போட்டும் காட்டினேன். டொக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"பிள்ளை, இது இன்னும் முழுசா எழும்பேல்லப் போல கிடக்கு."

கொட்டேஷன்

கார்டுக்கு முதலில் முறைப்படி ஒரு கம்பனியிடம் விலை கேட்டேன். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வந்தார். சிங்கப்பூரிலிருந்து எடுப்பிக்க வேண்டும், மூன்று மாதமாகும் என்றார். விலையைச் சொன்னபோது ரஞ்சி அக்கா நான் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இதைவிட மலிவாக ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். கழுத்துப்பட்டிக்காரர் மிகவும் அன்போடுதான் பதில் சொன்னார்.

"மெடம், கார்ட் தேடுறத விட மெசின் ஆறையும் மாத்துறது லேசு."

கரண்ட் போகாதவரை

பம்பலப்பிட்டியில் நான் வழக்கமாகப் போகும் கொம்பியூட்டர்க் கடைக்காரர் சிங்களமும் தமிழும் கலந்து கதைப்பவர், நல்ல மனுஷன். எட்டுவாய்க் கார்ட் என்றதும், அது தன்னுடைய அப்பா காலத்துச் சாமான் என்று சிரித்தார். சிரித்துவிட்டு, யூஎஸ்பி முனை வைத்த மலிவான கேபிள் ஆறும், அவற்றைச் செருக ஒரு பெட்டியும் எடுத்துத் தந்தார். ஆசை யாரை விட்டது? வாங்கிக்கொண்டு போனேன்.

மூன்று நாள் பரிசோதனையாக ஓடவிட்டோம். மெசின்கள் ஆறும் அழகாகப் பேசின. நாலாம் நாள் மத்தியானம் கரண்ட் போய் வந்தது. அந்த மலிவுக் கேபிள்களில் ஒன்றை மற்றதிலிருந்து பிரித்தறிய எந்த அடையாளமும் இல்லை. எது முதலில் கண் விழிக்கிறதோ அதற்கு முதல் நம்பர். சிறுநீர் மெசின் போய் இரத்த மெசினின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. நல்ல காலம், யாருடைய ரிப்போர்ட்டும் வெளியே போகவில்லை. ஆனால் ரஞ்சி அக்காவின் முகம் வெளிறிப் போனதைப் பார்த்த எனக்கு அந்தக் கேபிள்களை அங்கே வைத்திருக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"கரண்ட் போகாமப் பாத்துக்கொண்டா இது நல்ல சாமான்தானே, மிஸ்."

துடைத்துப் பார்த்த பிழை

மாதம் முடியப் பத்து நாள் இருக்கையில் தெமட்டகொடைக்குப் போனேன். ரயில் பாதைக்குப் பின்னால் பழைய கொம்பியூட்டர்களை உடைத்து விற்கும் ஒரு முஸ்லிம் அண்ணன் இருக்கிறார்; நானா என்று கூப்பிடுவோம். அவரிடம் எல்லாம் நிறுவைதான். ஒரு குவியலில் தங்கமுலாம் பூசிய கார்டுகள், ஒரு குவியலில் செம்புக் கேபிள்கள், இன்னொன்றில் தகரப் பெட்டிகள். கார்டுக் குவியலில் குனிந்து ஒரு மணித்தியாலம் கிளறினேன். மழைத் தண்ணீரும் எண்ணெய்யும் சேர்ந்த ஒரு மணம். கடைசியில் கிடைத்தது. நீளமான கார்ட், வரிசையாகச் சில்லுகள், முதுகில் ஒரு அகலமான வாய். புழுதியைத் துடைத்துப் பெயரை வாசித்தேன், அதேதான்.

ஆனால் இந்தத் தொழிலில் சந்தோஷத்தை முகத்தில் காட்டினால் விலை ஏறும். நீங்களும் பட்டிருப்பீர்கள். எனவே தேவையில்லாத மூன்று கார்டுகளை அதோடு சேர்த்துப் பொறுக்கி, ஏதோ பொழுதுபோகாமல் வாங்குபவள்போல் கொட்டாவி ஒன்றும் விட்டு, நாலையும் தராசில் போட்டேன். நானா மூன்றைத் தள்ளி வைத்தார். நாலாவதைக் கையில் எடுத்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தங்கச்சி, தேவையில்லாத சாமான ஒருத்தரும் தாவணி நுனியால தொடச்சுப் பாக்க மாட்டாங்க."

பிரிந்த சோடி

நியாயமான விலைதான் வாங்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓட்டோவில் ஏறப் போகும்போதுதான் புத்தி வந்தது. அந்த அகலமான வாயில் செருகினால் எட்டு வாலாகப் பிரியும் கேபிள் ஒன்று இதற்கு உண்டு. அது இல்லாவிட்டால் கார்ட் வெறும் தகடு. திரும்பி ஓடி வந்து கேட்டேன். வந்தபோது கார்டோடு சேர்ந்துதான் கிடந்தது, தானே கழற்றிப் பிரித்ததாகச் சொன்னார் நானா. போன கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து ஒலிபெருக்கி கட்டும் ஒரு சவுண்ட்காரர் வந்து, நிறைய வால் உள்ள வயர் என்று ஆசைப்பட்டு வாங்கிப் போய்விட்டாராம்.

இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கக் கூடாதா நானா என்று அழாக்குறையாகக் கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை.

"கார்ட் தங்கத்துக்குப் போற, கேபிள் செம்புக்குப் போற. ஒண்டா வெச்சா என்ட யாவாரம் என்தாகிற?"

பிரசங்கம்

கொட்டாஞ்சேனைச் சவுண்ட்காரரைத் தேட நான் எங்கும் அலையவில்லை. அவர் ஸ்டான்லி அண்ணா, என் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. மாதா கோயில் திருநாளுக்கு எட்டு மைக்கை ஒரே கேபிளில் கொண்டுபோகலாம் என்று அதை வாங்கியிருந்தார். மைக் வயருக்கு இருக்கவேண்டிய கவசம் அதில் இல்லாதபடியால், போட்டதும் ஸ்பீக்கர் எல்லாம் வண்டுபோல் இரைந்தன. அகலமான முனைதான் குற்றவாளி என்று முடிவு கட்டி, நான் போன பின்னேரம் அதை வெட்ட வயர் வெட்டும் குறடு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தச் சாமானை அவருடைய மனைவி எங்கோ வைத்து மறந்திருந்தார். அந்த அம்மாவுக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லவில்லை. சொன்னால் காரணம் சொல்ல வேண்டும்.

பேரம் பேசினோம். கேபிளை எனக்குத் தரவேண்டும். அதற்குப் பதில் சரியான மைக் வயரில் அவருக்கு நான் ஒன்று செய்து கொடுப்பேன், பழைய இரைச்சலையும் எடுத்துவிடுவேன். இரண்டு பின்னேரம் கோயில் முற்றத்தில் குந்தியிருந்து ஈயம் வைத்தேன். மூன்றாம் நாள் ஃபாதர் வந்து மைக்கைத் தட்டி, நாலு வசனம் பேசிப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகத் தெருவரை கேட்டது. ஸ்டான்லி அண்ணா என் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

"இவ்வளவு வருஷமும் ஃபாதரோட பிரசங்கம்தான் விளங்காதுன்னு நெனச்சிருந்தோம், மிஸ்."

பூச்சியம்

கார்டும் கேபிளும் சேர்ந்தன. யுனிக்ஸ் பெட்டி ஒரு கேள்வியும் கேட்காமல் எட்டு வாயையும் ஏற்றுக்கொண்டது. நான் திரைக்கு முன்னால் இருந்தேன். ரஞ்சி அக்கா லேபல் எழுதி எட்டு வாலிலும் ஒட்டினார். பிறகு நான் பட்டியலைச் சத்தமாக வாசிக்க அவர் மெசின்களைச் செருகினார். கொம்பியூட்டர் பூச்சியத்திலிருந்து எண்ணும். எனவே என் பட்டியலில் இரத்த மெசின் பூச்சியம், சீனி மெசின் ஒன்று, அப்படியே ஐந்து வரை. அக்காவின் லேபல் ஒன்றிலிருந்து எட்டு வரை என்பதை நான் பார்க்கவில்லை. பூச்சியம் என்று வாசித்ததை, அதற்கு இடம் இல்லை என்று எடுத்துக்கொண்டு இரத்த மெசினைச் செருகாமலே விட்டுவிட்டார்.

பரீட்சைக்கு என் இரத்தத்தையே கொடுத்தேன். ஹீமோகுளோபின் நூற்றுப் பதினெட்டு என்று திரையில் வந்தது. அது என் சீனி; அக்காவின் முதல் வால்தான் என் பட்டியலின் பூச்சியம். அந்தளவு இரும்பு உள்ள ஆளைத் தண்டவாளமாகப் போடலாம் என்று டொக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. லேபல்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. மறுநாள் பெரிய கம்பனிக்காரர் ஒப்பந்தத்தோடு வருவதாக இருந்தது. எனக்கு என்மேல்தான் கோபம் வந்தது. நாள் முழுக்க வரிசை நம்பர் ஒன்று, இரண்டு என்று ரிப்போர்ட் டைப் பண்ணும் மனுஷியிடம், என் பெட்டியின் பழக்கத்தை நான் எப்படித் திணிக்கலாம்? அக்கா லேபல்களைக் கிழிக்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஒன்றிலிருந்து எண்ணும்படி கொம்பியூட்டரை மாற்றினேன். ஐந்து நிமிஷ வேலை. திரும்பச் செருகினோம். ஆறு எண்ணும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்.

"பூச்சியத்தில ஆரும் லைனில நிக்கிறேல்லயே, பிள்ளை."

முகம்

கம்பனிக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். டொக்டர் அவரை மெசின்களுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தார். அந்தத் தேத்தண்ணீர் முடிவதற்குள் பதினொரு பேரின் ரிப்போர்ட் ஒரு கைபடாமல் வெளியே வந்தது. ஒப்பந்தத்தைப் பற்றி டொக்டரும் கதைக்கவில்லை, அவரும் கதைக்கவில்லை. மழை எப்போது விடும் என்று கதைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

ரஞ்சி அக்கா மட்டும் நம்பவில்லை. ஒரு கிழமை முழுக்க மெசின் எண்களை அந்த அழகான எழுத்தில் ஒரு கொப்பியில் எழுதி, ரிப்போர்ட்டோடு ஒத்துப் பார்த்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை. அதற்குப் பிறகு டொக்டர் அவரை முன்மேசைக்கு மாற்றினார். ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்து, பயந்தவர்களை இருத்தி, பக்குவமாகச் சொல்லி அனுப்பும் வேலை. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, ஒரு கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். எப்படி இருக்கிறீர்கள் அக்கா என்று கேட்டேன்.

"இருவது வருஷமா இவையின்ர பேரும் நம்பரும்தான் எனக்குத் தெரியும், பிள்ளை. இப்பதான் முகம் பாக்கிறன்."

மலிவான கார்ட் ஒன்றைத் தேடி ஓட்டோவுக்கும் பிளேன்டீக்கும் நான் கொடுத்ததை இதுவரை கூட்டிப் பார்க்கவில்லை, கூட்டினால் சிங்கப்பூரிலிருந்தே எடுப்பித்திருக்கலாம் என்று தெரிந்து மனம் நொந்துபோகும்.