பீல் நிலவறையில் ஒரு கண்ணில்லாத புழு

இலங்கையில் புது ஜனாதிபதி வந்த வருடம். இங்கே சுவிஸில், ஓய்வூதியக்காரருக்குப் பதின்மூன்றாவது மாதப் பணமும் கொடுக்க ஜனங்கள் ஓம் என்று வாக்குப் போட்டதும் அதே வருடம்தான். எழுத்தறியாத நான் வருடங்களை இப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறேன். நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

கார்த்திகையில் முதல் பனி கொட்டிய கிழமை. என் தம்பியின் மகள் வதனி, பீல் நகரில் குகை விலங்குகளை வளர்த்து ஆராயும் ஒரு நிலவறையில் வேலை செய்கிறாள். "பெரியப்பா, கண்ணில்லாத வெல்வெட் புழு வந்திருக்கு, வந்து பாருங்கோ" என்றாள். ஜமைக்காக் குகையில் வாழும் அபூர்வச் சாதியாம். மூன்று வந்து, இரண்டு செத்து, மிச்சம் ஒன்று. அதுவும் போனால் அவளுடைய ஆராய்ச்சியும் போச்சு.

நான் இருக்கும் வில் நகரில் காலை 8.34க்கு ரயில், சூரிச்சில் மாறி 10.45க்கு பீல். அரைக்கட்டண அட்டை இருப்பதால், நகரசபை மூலம் முன்கூட்டியே எடுத்த நாள் டிக்கெட் 39 பிராங். பிறகு பஸ்ஸில் பன்னிரண்டு நிமிடம், அறுநூறு மீற்றர் ஏற்றத்தில் நடை. நுழைவு எட்டு பிராங். வெளியே பனி, உள்ளே இருபத்துமூன்று பாகை. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கடைசியில் சேர்ட்டோடு நின்றேன்.

சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

"கண்ணில்லாததுக்கு ஏன் பிள்ளை இந்த இருட்டு?"

"பக்கத்துப் பெட்டியளிலை கண் உள்ளதுகளும் இருக்கு, பெரியப்பா."

மூடியைத் திறந்து காட்டினாள். விரல் நீளம், இரண்டு பக்கமும் குட்டிக் குட்டிக் கால்கள், பட்டுத்துணி போன்ற தோல். நல்ல வெளிச்சத்தில் சோற்று வெள்ளையாம். அவள் தண்ணீர் விசிறும் போத்தல் எடுக்கப் போன நேரம், மூடியின் உட்பக்கத்தில் நூல் நூலாக ஏதோ பிசுபிசுப்பைக் கண்டேன். முப்பத்தொரு வருடம் சூரிச்சில் அலுவலகக் கண்ணாடி துடைத்த கை சும்மா இருக்குமா? கொரோனாக் காலத்திலிருந்து பையில் வைத்திருக்கும் கிருமிநாசினி ஈரத்தாளால் ஒரே இழுப்பு. பளபளவென்று ஆனதும் பெட்டியை மூடி வைத்தேன்.

வதனி வந்து முகர்ந்தாள். "என்ன மணம் இது? பெரியப்பா, துடைச்சனீங்களோ?"

"ஊத்தையாக் கிடந்தது, பிள்ளை."

"ஐயோ, அது ஊத்தை இல்லை! இரை பிடிக்கப் புழு பீச்சின பசை. இந்த மருந்து தோலிலை பட்டா அது செத்துப்போம்!"

புழுவை ஈரப்பாசி போட்ட வேறு பெட்டிக்கு மாற்றினாள். அது சுருண்டு கிடந்தது. நான் வாங்கில் குந்தியபடி நல்லூரானைக் கும்பிட்டேன். மணி பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. 2.40க்குப் புழு மெல்லத் தலையைத் தூக்கி, அவள் நீட்டிய பூச்சியின் மேல் பசையைப் பீச்சியது. கொஞ்சம் என் மூக்குக் கண்ணாடியிலும் பட்டது.

"இப்ப துடையுங்கோவன்!" என்று வதனி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் துடைக்கவில்லை. அப்படியே ரயில் ஏறினேன்.

போகிறவர்கள் மெல்லிய உடுப்பை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் திறப்பார்கள், முன்பே பதிய வேண்டும். பையில் ஈரத்தாள் இருந்தால் வாசலிலேயே கொடுத்துவிடுங்கள்.

இந்தக் கதைக்குச் சரியாகச் சிரிக்கத் தெரிந்தவர்கள் என்னோடு கண்ணாடி துடைத்தவர்கள்தான். விரலடையாளம் கண்டால் மூன்று மாடி திரும்பி ஏறும் ராசன் மாரடைப்பில் போனான். வாளியைக் காலால் தள்ளியபடி பாடும் செல்வம் கனடாவில் செத்துப்போனான். ரயில் சூரிச்சில் நின்றதும் வில்லுக்கு மாறாமல், நாலாம் வட்டாரத்துக்கு டிராம் பிடித்தேன். அங்கேதான் இருக்கிறாள் நாகேஸ்வரி, எங்களோடு கண்ணாடி துடைத்தவர்களில் மிச்சம் ஒருத்தி.