பேஸ்மென்ட் யன்னல்களைப் பார்த்த மேயர்

அஹுன்ட்சிக் பகுதியில் எங்கள் தெருவுக்கு, தன் மகளோடு இருக்க வந்த அந்த அமெரிக்கக் கிழவரை எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே ஒரு நகரத்தில் இருபது வருடத்துக்கு மேல் மேயராக இருந்தவராம். நெடிய, ஒல்லியான மனிதர். குளிர்க் கோட்டுக்குள்ளும் டை கட்டியிருப்பார். காலையில் நடக்கும்போது ஒவ்வொரு வீட்டு பேஸ்மென்ட் யன்னலையும் குனிந்து பார்ப்பார். எங்கள் பேஸ்மென்டில் நகரசபையின் அனுமதியில்லாமல் ஒரு குடும்பத்தை வாடகைக்கு வைத்திருந்தோம்.

ஒரு நாள் காலை மனைவி பதறிக் கூப்பிட்டாள். "இஞ்சை வாங்கோ! அந்தாள் எங்கடை யன்னலடியிலை நிக்குது. சிட்டிக்குச் சொல்லிக் குடுக்கப் போகுது."

வெளியே ஓடினேன். அவர் முழங்காலில் நின்று, யன்னலை மூடிக் கிடந்த பனியைக் கையால் வாரிக்கொண்டிருந்தார்.

"கீழே யாராவது இருக்கிறார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை," என்றேன்.

அவர் வாருவதை நிறுத்தவில்லை. "என் நகரத்திலும் ஒரு வீட்டுக்காரர் அப்படித்தான் சொன்னார். நான் நம்பி, சோதிக்க ஆள் அனுப்பவில்லை. தீப்பிடித்தபோது யன்னல் பனியில் இறுகிக் கிடந்தது. ஒரு தாயும் பிள்ளையும் உள்ளேயே இறந்துபோனார்கள்."

"பிறகு?"

"அடுத்த தேர்தலுக்கு வீடு வீடாகப் போய்க் கைகொடுத்தேன். முந்தியதைவிடக் கூடுதல் வாக்கில் வென்றேன்."

எழும்பி, நனைந்து சிவந்த கையை என்னிடமும் நீட்டினார். பிடித்துக் குலுக்கினேன்.

அந்த வாரமே ஆள் பிடித்து, தப்பி வெளியேறும் அளவுக்கு யன்னலைப் பெரிதாக்கினேன். ஆனால் அவர் கடைசியாகச் சொன்னது வெட்கத்திலா பெருமையிலா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.