எட்டு டேட்டாபேஸும் ஒரு லாரி ரோஜாவும்

அன்று பேக்கிங் கொட்டகையில் இருந்தது நான், பெட்டி கட்டும் பெண்களை மேற்பார்வை பார்க்கும் தேனிப் பக்கத்து அக்கா, அவருடைய ஆட்கள், பெங்களூர் விமான நிலையத்துக்கு லாரி ஓட்டும் கன்னடக்காரர். இல்லாதவர்கள் இரண்டு பேர். நாங்களெல்லாம் பாய் என்று கூப்பிடும் முதலாளி, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கிளம்பிவிட்டார். எங்கள் டேட்டாபேஸை உருவாக்கி, என்னை உதவிக்கு வைத்திருந்த சீனியர் அண்ணன், மைத்துனி கல்யாணத்துக்கு லீவில் இருந்தார். ஆக, யார் இருக்க வேண்டுமோ அவர்கள்தான் இல்லை.

காதலர் தினத்துக்கு முந்தைய வாரம் அது. ஓசூரில் ரோஜா வளர்க்கிறவர்களுக்கு வருஷம் என்பதே அந்த ஒரு வாரம்தான். எந்தப் பெட்டி எந்த ஊருக்கு, என்ன நிறம், எத்தனை கட்டு என்பதெல்லாம் டேட்டாபேஸில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் லேபிள் அச்சாகும். லேபிள் இல்லாத பெட்டியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். மூன்று மணிக்கு லாரி கிளம்பவில்லையென்றால் மொட்டெல்லாம் விரிந்துவிடும். விரிந்த பூவை வெளிநாட்டில் எவரும் வாங்குவதில்லை. பாயின் ஒரு வருஷ உழைப்பு அந்த லாரிக்காகக் காத்திருந்தது.

பதினொரு மணி வாக்கில், மென்பொருள் விற்ற வெளிக் கம்பெனிக்காரர்கள் ஏதோ அப்டேட் போட்டார்கள். ஆர்டர் அத்தனையும் துடைத்துவிட்ட மாதிரி காணாமல் போனது. லேபிள் மெஷின் வெறும் ஸ்டிக்கராகத் துப்பியது.

“தம்பி, இதை ஒட்டி எங்கிட்டு அனுப்புறது, சொர்க்கத்துக்கா?” என்றார் அக்கா.

பாய் வண்டியில் ஏறியபடியே சொன்னார்: “நீ படிச்ச புள்ள. நான் தொழுதுட்டு வர்றதுக்குள்ள சரி பண்ணி வெச்சிருப்பா.” எங்கள் ஊர் பாரூரில், எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ‘படிச்ச புள்ள’ என்று யாராவது சொன்னால் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். மூளை நிமிர்வதற்குக் கொஞ்சம் நேரமாகும்.

டேட்டாபேஸ் அந்தந்த நேரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே பிடித்து வைக்கும் நகலை ஸ்னாப்ஷாட் என்போம். தினமும் பத்தரைக்கு ஒன்று எடுக்கும்படி அண்ணன் ஏற்பாடு செய்திருந்தார். அதிலிருந்து மீட்டால் பழையதன் மேல் எழுதாது. பக்கத்திலேயே புதிதாக ஒரு டேட்டாபேஸ் முளைக்கும். அதற்கான கட்டளைகளைக் கருப்புத் திரையில் ஒவ்வொன்றாக அடிக்கலாம். எனக்கு அது போதவில்லை. கட்டளைகளை வரிசையாகத் தானே ஓட்டும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்: கடைசி ஸ்னாப்ஷாட்டை எடு, மீட்டு நிறுத்து, இன்றைய ஆர்டர் இருக்கிறதா பார், இல்லையென்றால் அதற்கு முந்தையதை எடு. முதல் தடவையே பிழையில்லாமல் ஓடியது. வாழ்க்கையில் நான் எழுதிய எதுவும் அதுவரை அப்படி ஓடியதில்லை. எனக்குக் கால் தரையில் இல்லை. அது பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டு, குளிர் அறையிலிருந்து பெட்டி தூக்கப் போனேன். தூக்கும்போது பாடினேன் என்று அக்கா பிற்பாடு ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்து பார்த்தால் ஒன்றுக்கு எட்டு டேட்டாபேஸ் நிற்கிறது. ஒன்பதாவது முளைத்துக்கொண்டிருந்தது. வியாழனில் இன்றைய ஆர்டர் இல்லை என்று ஸ்கிரிப்ட் புதனுக்குப் போயிருக்கிறது. புதனிலும் இல்லையே என்று செவ்வாய்க்கு. போன வாரத்துக்குள்ளும் புகுந்து, இன்றைய ஆர்டரைத் தேடிக்கொண்டு அது பின்னால் போய்க்கொண்டே இருந்தது. நான் சொன்னதைத்தான் செய்தது, பாவம். ஒன்பதாவது முழுதாக முளைக்கும் முன் நிறுத்தினேன். சிரிப்பும் வியர்வையும் ஒன்றாக வந்தன. வெள்ளிக்கிழமை ஸ்னாப்ஷாட் மட்டும் எங்கேயும் இல்லை.

லாரிக்காரர் தலையை நீட்டி, “ஆயித்தா?” என்று கன்னடத்தில் கேட்டார். ஆகவில்லை என்று கையாட்டினேன்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். மேளச் சத்தத்துக்கு நடுவே கத்தினார்.

“டேய், வெள்ளிக்கிழம பத்தரைக்கு ராகு காலம்டா. அந்த நேரத்துல எவனாச்சும் பேக்கப் எடுப்பானா? வெள்ளிக்கு மட்டும் பத்து மணிக்கே எடுக்கற மாதிரி வெச்சிருக்கேன். அது தனி லிஸ்ட்ல இருக்கும், பாரு.”

பார்த்தேன். இருந்தது. என் ஸ்கிரிப்ட் தினசரி லிஸ்ட்டை மட்டுமே பார்த்திருக்கிறது. வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வரில் ஓடும் டேட்டாபேஸுக்கும் ராகு காலம் உண்டு என்று என் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. அக்காவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. “அப்டேட்டு போட்டவன் பதினோரு மணிக்குத்தானே போட்டான்? பெறகு வெளங்குமா?” என்று கேட்டுவிட்டு, ஸ்டிக்கர் ரோலை மாற்றப் போய்விட்டார்.

இந்தத் தடவை ஸ்கிரிப்ட் வேண்டாமென்று ஒரே ஒரு கட்டளையைக் கையால் அடித்தேன். பிறகு இன்றைய ஆர்டர்கள் வரிசையாகத் திரையில் இறங்கின. பத்து மணிக்குப் பின் வந்தவை எல்லாமே வாட்ஸப்பில் இருந்தன. அவற்றை அடித்துச் சேர்த்தேன். மெஷின் லேபிளைக் கக்க ஆரம்பித்ததும் பெண்கள் கையில் ஸ்டிக்கர் பறந்தது. லாரிக்காரரே இறங்கி வந்து ஒட்டினார். பாதியைத் தலைகீழாக ஒட்டினார். அக்கா அவரைத் தமிழில் திட்ட, அவர் திட்டு வாங்காத மாதிரி கன்னடத்தில் சிரித்தார். பாய் திரும்பி வந்தபோது கடைசிப் பெட்டி ஏறிக்கொண்டிருந்தது. மூன்றுக்கு லாரி நகர்ந்தது.

பாய் என் தோளைத் தட்டி, எல்லோருக்கும் பிரியாணி சொன்னார். அன்றிலிருந்து ஒரு வாரம் எல்லோரும் என்னை ‘இன்ஜினியர் சார்’ என்றே கூப்பிட்டார்கள். அந்த மயக்கத்தில் ஒன்று எனக்கு உறைக்கவே இல்லை. முளைத்த எட்டையும் நான் அழிக்கவில்லை. யாரும் கேட்காத ஆர்டர்களோடு, மணிக்கு மணி வாடகை ஏறியபடி, அவை மாதக் கடைசிவரை சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தன.

பில் வந்ததும் அண்ணன் என்னை பாய் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். “லாரி போச்சுல்ல, விடுப்பா,” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த எட்டும் அந்த மாதம் தின்ற தொகையை எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார்: பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.