வெண்ணெய்க்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பூச்சி

விதர்ன்சி என்ற ஆங்கிலேயக் கடலோர ஊரில் மீன் வறுவல் கடையொன்றில் முப்பது வருடம் எண்ணெய்ச் சட்டியோடு மல்லுக்கட்டியவள் வின்னி ஓல்ராய்ட். கை பூராவும் எண்ணெய் தெறித்த தழும்புகள். அந்தக் கையால்தான் அரிசி மணி அளவுள்ள அந்துப்பூச்சியை, இறக்கை நோகாமல் கண்ணாடிக் குப்பிக்குள் ஏற்றுவாள். பார்த்தால்தான் நம்ப முடியும்.

ஜூன் வெயில் விழுந்ததும் அவள் வீட்டுப் பின்புறத்துப் புல்தரையில் படரும் குளோவர் செடிகளில் ஒரு பச்சை அந்துப்பூச்சி வந்துவிடும். தேய்த்த பித்தளையில் பச்சை ஏறினாற்போல ஒரு மினுமினுப்பு. அதன் புழு வெள்ளைப் பூப்பந்துக்குள்ளேயே குடியிருந்து விதையைத் தின்று வளரும். அதனால் கணவர் சிரில் புல் வெட்டக் கிளம்பினால் போதும், பாதித் தோட்டத்துக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நிற்பாள்.

"எனக்குச் சோறு போட மறந்தாலும் மறப்பே, உன் புழுவுக்குப் பந்தி வைக்க மறக்க மாட்டே," என்பார் சிரில். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை.

பெயரில்தான் வில்லங்கம். அந்த வட்டாரத்தில் ஆசைக்காகப் பூச்சி பார்க்கிறவர்கள் ஆண்டுக் கடைசியில், கண்ட பூச்சிகளின் பட்டியல் அனுப்புவார்கள். டெஸ்மண்ட் ட்ரான்மர் என்ற மனிதர் வரிக்கு வரி சரிபார்த்து ஆண்டறிக்கையில் அச்சேற்றுவார். இந்தப் பச்சையில் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு இனங்கள். கொன்று, வயிற்றைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும். வின்னி கொல்ல மாட்டாள். இரண்டில் ஒன்றின் பெயரான 'ஃப்ரிஷெல்லா' என்று மனசுக்குப் பட்டதை எழுதி அனுப்புவாள். 'பிரித்துப் பார்க்காமல் ஏற்பதற்கில்லை' என்று சிவப்பு மையில் திரும்பி வரும். இருபத்திரண்டு வருடமாக இதே கூத்து. 'பூவிலேயே தூங்கியது', 'இன்று காற்று பலம்' என்று குறிப்புப் பத்தியில் அவள் ஆசையாக எழுதுவதையும் சேர்த்தே அடித்துவிடுவார், இரக்கமில்லாத மனிதர்.

ஒருமுறை தொலைபேசியில் கேட்டேவிட்டாள். "ஒரு பேருக்காக ஒரு உசுர எடுக்கச் சொல்றீங்களா?"

"எடுக்கச் சொல்லலைம்மா. தெரியாததத் தெரியும்னு எழுதாதீங்கன்னுதான் சொல்றேன்."

அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை அந்தப் பேரு என் பேரோட சேர்ந்து அச்சாகணும், சிரில். அவ்வளவுதான் கேக்கறேன்."

பிடித்த பூச்சியைக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் அடங்கிக் கிடக்கும். காலையில் படம் எடுத்துவிட்டுப் பூவிலேயே விட்டுவிடலாம். பூச்சி பார்க்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். போன ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வின்னி ஒரு பச்சைக்காரனை வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தாள். அன்று சாயங்காலம் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்த சிரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

ஹல் நகர ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். அவள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அந்த ஊரிலிருக்கும் தங்கை வீட்டில் படுக்கை, மற்ற நேரமெல்லாம் சிரிலின் கட்டிலோரம். பதினோராம் நாள் சிரில் ரொட்டியில் வெண்ணெய் தடவச் சொன்னவர், கத்தியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "வின்னி, வெண்ணெய் பக்கத்துல ஒருத்தன் இருந்தானே, அவன விட்டுட்டியா?"

அவளுக்கு உயிரே போய்விட்டது. பேருந்து பிடித்து வீட்டுக்கு ஓடினாள். பூச்சி காலை மடக்கி மல்லாந்து கிடந்தது. குப்பியைச் சன்னலில் வெயில் படும்படி வைத்துச் சாயங்காலம் வரை பார்த்தாள். அசையவில்லை. வாழ்நாளில் ஒன்றைக்கூடக் கொல்லாதவள், இதை மறந்தே கொன்றுவிட்டாள்.

சிரில் வீடு திரும்பியதும் சொன்னாள். "கொன்னுட்டேன், சிரில்."

"என்னப் பார்த்துக்கிட்டிருந்தே கண்ணு. அதுல அவன் போயிட்டான்." குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ட்ரான்மருக்கு அனுப்பு. பேராவது கெடைக்கட்டும் அவனுக்கு."

மூன்று நாள் மனசு ஒப்பவில்லை. நான்காம் நாள் பஞ்சில் பொதிந்து அனுப்பினாள். படிவத்தில் குறிப்புப் பத்தியைக் காலியாக விடவும் முடியவில்லை. சின்னதாக ஒரு குறிப்பு எழுதினாள்.

பதில் வந்தது. ஃப்ரிஷெல்லா இல்லை. மற்றது: அல்சியோனிபெனெல்லா.

சிரில் நெஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இத்தனூண்டு உடம்புக்கு இவ்வளவு நீளப் பேரா! அவன் தலையெழுத்து!"

"இருபத்திரண்டு வருஷமா நான் அடிச்சு விட்டிருக்கேன் பாரு," என்றாள் வின்னி. "அந்த மனுஷன் அடிச்சது நியாயந்தான். மத்ததெல்லாம் எதுவோ, யாரு கண்டா?" பல வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவளும் சிரித்தாள்.

வசந்தத்தில் ஆண்டறிக்கை வந்தது. வின்னி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சிரில்தான் பக்கத்தைத் தேடிப் பிடித்து உரக்க வாசித்தார். "அல்சி... சரி, நம்ம பய. விதர்ன்சி. ஒன்று. வின்னி ஓல்ராய்ட்."

"அவ்வளவுதானா?"

"இல்ல, கீழே ஒரு குறிப்பு இருக்கு..." வாசிக்காமல் புத்தகத்தை அவள் பக்கம் நீட்டினார்.

ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு வாங்கினாள். அவள் எழுதி அனுப்பியதில் ஒரு சொல்லைக்கூட ட்ரான்மர் அடிக்கவில்லை.

'கணவருக்கு உடம்பு சரியில்லாதபோது மறந்துவிட்டேன். இது என் தவறு. பூச்சியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.'